அலசி, சாக்ஸ் எங்கே?

1

வருகிற மாதத்தோடு நான் டெக்சாஸில் உள்ள பிளானோவுக்கு வந்து ஒரு வருடம் முடிகிறது. திருச்சியிலிருந்து யார் போன் பண்ணினாலும் முதல் கேள்வி, "அமெரிக்கா எப்படி இருக்கு?" என்பதுதான். எனக்கு உண்மையிலேயே தெரியாது. அமெரிக்காவுக்கு விமானம் ஏறி நான் சீனாவில் இறங்கிவிட்டேன். இந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால், உள்ளே பேச்சு சீனம், சாப்பாடு சீனம், டிவி தொடர் சீனம். ஆங்கிலம் நன்றாக வரும் என்று நம்பி வந்தவளுக்கு இப்போது அம்மாவிடம் "சரிம்மா" என்று சொல்வதற்குப் பதிலாக "ஹாவ், ஹாவ்" என்று வாயில் வருகிறது. சீனத்தில் அதற்குச் சரி என்று பொருள்.

"என்னடி குரைக்கிற?" என்கிறாள் அம்மா.

என் வேலைக்கு 'ஓ பேர்' என்று பெயர். வெளிநாட்டிலிருந்து ஒரு இளம்பெண் வந்து, ஒரு குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே தங்கி, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கைச்செலவுக்குப் பணம் உண்டு, ஏதாவது படிக்கவும் வேண்டும். ஏஜென்சி கொடுத்த விளக்கத்தின்படி நான் வேலைக்காரி இல்லை, குடும்பத்தில் ஒருத்தி. குடும்பத்தில் ஒருத்தியாக இருப்பதற்கு எதற்கு ஒப்பந்தம் என்று அப்பா கேட்டார். அம்மா சொந்தக்காரர்களிடம் "எக்ஸ்சேஞ்ச் புரோகிராம்ல போயிருக்கா" என்று முடித்துக்கொள்கிறாள். அதற்கு மேலே யாராவது கேட்டால், அடுப்பில் ஏதோ வைத்திருப்பது அவளுக்கு நினைவுக்கு வந்துவிடும்.

இங்குள்ள தமிழர்களுக்கு விளக்குவது இன்னும் கொடுமை. இந்தியக் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு ஆன்ட்டி பேச்சுக் கொடுத்தார்.

"என்ன விசா, ஹெச் ஒன்னாம்மா, எஃப் ஒன்னா?"

"ஜே ஒன், ஆன்ட்டி."

"ஓ, ரிசர்ச்சா?"

"இல்ல ஆன்ட்டி, ஒரு வீட்ல குழந்தைங்கள பாத்துக்கறேன். சைனீஸ் ஃபேமிலி."

அவர் முகம் சுருங்கி, பிறகு விரிந்தது. "ஏம்மா, நம்ம ஆளுங்க வீடு கிடைக்கலையா?" என்றார். அடுத்த மூச்சிலேயே குரலைத் தாழ்த்தி, "மத்தியானத்துல ஃப்ரீயா இருப்பியா? வந்து கொஞ்சம் குக் பண்ணிக் குடுத்துட்டுப் போறியா? நான் பேசிக்கறேன்" என்றார். என் விசாவில் வேறு வீட்டில் வேலை செய்யக் கூடாது என்றேன். "யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். அன்றைக்குக் கறிவேப்பிலையை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

2

என் பெயர் தமிழரசி. வீட்டில் அரசி. பாஸ்போர்ட்டில் அப்பா பெயரைத் தனியாகப் போடாததால், அமெரிக்க விசாவில் 'எஃப் என் யூ' என்று அச்சடித்துவிட்டார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்று அதற்கு அர்த்தமாம். டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போன அலுவலகத்தில் ஒரு அம்மா, "ஃப்னூ! ஃப்னூ இருக்கிறாரா?" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாரோ ஒரு வியட்நாம் ஆள் வரவில்லை போலிருக்கிறது என்று நானும் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரிசை என்னைத் தாண்டிப் போய்விட்டது. மறுபடி ஒரு நாள் வர வேண்டியதாயிற்று.

வீட்டுக்காரம்மா பெயர் ஹுவா. நாற்பது வயது இருக்கும். ஆபீஸ்கள் நிறைந்த லெகசி பக்கம் ஒரு பெரிய கம்பெனியில் மென்பொருள் பிரிவில் மேனேஜர். கணவர் வெய் வாரத்தில் பாதி நாள் வெளியூரில். ஹுவாவுக்கு 'அரசி' வாயில் நுழையவில்லை. 'அலசி' ஆனேன். துணியை அலசி, பாத்திரத்தை அலசி என்று சொல்வோமே, அந்த அலசி. திருத்திப் பார்த்தேன். "ஆமாம், அதைத்தானே சொல்கிறேன், அலசி" என்றார் அவர். விட்டுவிட்டேன்.

மூத்தவள் கிளேருக்கு எட்டு வயது. அம்மா சீனத்தில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள், அதுவும் ஐபேடிலிருந்து தலையைத் தூக்காமல். எங்கள் இருவர் ஆங்கிலத்தையும் திருத்துவது அவள் பொழுதுபோக்கு. ஹுவா "லைட்டைத் திற" என்பார். சீனத்தில் அப்படித்தானாம். நான் "லைட்டைப் போடு" என்பேன். நம் ஊரில் அப்படித்தானே. அதை ஆங்கிலத்தில் கேட்டால் விளக்கைத் தூக்கி எங்கேயோ வைக்கச் சொன்னது போலிருக்குமாம். கிளேர் இரண்டு பேரையும் பார்த்துக் கண்ணை உருட்டிவிட்டு, எழுந்து போய்த் தானே சுவிட்சைத் தட்டுவாள்.

சின்னவள் மியா. நான் வந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது இரண்டு வயது நெருங்குகிறது. சாப்பாட்டைத் தள்ளும்போது "வேணாம், பூ யாவ், நோ" என்று மூன்று மொழியிலும் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்வாள்.

3

இந்த வீட்டில் எல்லா நோய்க்கும் மருந்து வெந்நீர். தலைவலிக்கு வெந்நீர், வயிற்றுவலிக்கு வெந்நீர், ஊர் ஞாபகம் வந்து முகம் வாடியிருந்தாலும் ஒரு டம்ளர் வெந்நீர். தலைக்குக் குளித்துவிட்டு ஈரமுடியோடு வந்தால் ஹுவா டிரையரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருவார். வெறுங்காலோடு தரையில் நிற்கக் கூடாது, குளிர் காலிலிருந்து ஏறும். இதெல்லாம் என் அம்மாவும் சொல்லியிருப்பதுதான். அதற்குத் தப்பித்துப் பாதி உலகம் தாண்டி வந்த பிறகும் ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்?

இவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது கேமரா.

கூடத்தில் டிவிக்குப் பக்கத்து அலமாரியில் முட்டை போல வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். குழந்தை இருக்கிற வீட்டில் கேமரா இருக்கும் என்று வீடியோ காலில் பேட்டி எடுத்தபோதே சொல்லியிருந்தார்கள். சரி என்று நானும் தலையாட்டியிருந்தேன். அது பேசும் என்று யாரும் சொல்லவில்லை.

வந்த முதல் வாரம் நான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்து மியாவுக்கு ஆப்பிள் மசித்துக்கொண்டிருந்தேன். அலமாரியிலிருந்து ஒரு பெண் குரல்: "அலசி, சாக்ஸ் எங்கே?"

கிண்ணம் கையிலிருந்து விழுந்துவிட்டது. மியா காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், ஒரு காலில் மட்டும் சாக்ஸ்.

அதன்பிறகு தினமும் வந்தது. "அலசி, தண்ணீர் சூடா?" "அலசி, ஜன்னல் திறந்திருக்கிறது." "அலசி, அவள் வாயில் என்ன?" வாயில் இருந்தது அவள் விரல். ஹுவா ஆபீஸில் மீட்டிங்கில் உட்கார்ந்தபடியே போனில் பார்த்துக்கொண்டிருப்பார். எப்போது பார்க்கிறார், எப்போது பார்க்கவில்லை என்று தெரியாது. அதுதான் வேதனை. மூக்கைச் சொறிவதற்குக்கூட நான் சமையலறைக்குப் போக ஆரம்பித்தேன்.

ஒரு நாள் அம்மாவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தபோது குரல் வந்தது. உடனே மியா அலமாரியைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டி, "மாமா! மாமா!" என்று கத்தினாள். சீனக் குழந்தைகள் அம்மாவை அப்படித்தான் கூப்பிடும். அம்மாவின் முகம் திரையில் பெரிதாகிக்கொண்டே வந்தது.

"யாருடி அது மாமா? வீட்ல ஆம்பளையே இல்லேன்னு சொன்ன?"

"அம்மா, அது அவங்க அம்மா."

"அவங்க அம்மாவ எதுக்கு மாமாங்குது?"

"சீனத்துல அம்மான்னா மாமா."

"பொம்பள குரல்தான் கேட்டுது. ஆனா ஆளக் காணமே?"

"அவங்க ஆபீஸ்ல இருக்காங்கம்மா."

"ஒழுங்கா ஊருக்கு வந்துடு" என்றாள் அம்மா.

4

தை மாதம் என் தங்கைக்குக் கல்யாணம். அக்கா நான் இருக்கும்போது தங்கைக்கு முதலில் முடிப்பதில் வீட்டில் யாருக்கும் முழு சம்மதம் இல்லை. நான்தான் வற்புறுத்தினேன். போவதாகவும் இருந்தேன். ஆனால் அந்த வாரம் ஹுவாவின் கம்பெனியில் முக்கியமான வேலை. வெய் ஊரில் இல்லை. "வேறு எந்த வாரம் வேண்டுமானாலும் லீவு எடுத்துக்கொள்" என்றார் ஹுவா. கல்யாணத்தை வேறு வாரத்துக்கு மாற்றச் சொல்ல முடியாது என்று விளக்கினேன். அவருக்குப் புரிந்தது. புரிந்தும் அவரால் வேறெதுவும் செய்ய முடியவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. மோசமான மனுஷியாக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது ஆறியிருப்பேன்.

வரவேற்பு அங்கே சாயங்காலம். இங்கே காலை. கிளேர் ஸ்கூலுக்குப் போய்விட்டாள், ஹுவா ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். மியாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு போனை மேஜையில் சாய்த்து வைத்தேன். சித்தி மகன் மண்டபத்திலிருந்து காட்டிக்கொண்டிருந்தான். தங்கை ரோஸ் நிறப் பட்டில் மேடை ஏறியதைப் பார்த்தேன். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். பிறகு ஒவ்வொருவராக முகத்தைக் காட்டி, "நீ எப்போடி?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் யாரோ சித்தி மகனைக் கூப்பிட்டார்கள். அவன் போனை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மண்டபத்தின் கூரை மட்டும் தெரிந்தது. ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பாட்டுக் கச்சேரியும் குழந்தைகள் ஓடும் சத்தமும் யாரோ "ஐஸ்கிரீம் அந்தப் பக்கம்" என்று சொல்வதும் கேட்டன. துண்டிக்க மனம் வராமல் அந்த மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்துவிட்டது. சத்தமில்லாமல்தான் அழுதேன்.

அலமாரி பேசியது. "அலசி, ஏன் அழுகிறாய்? மியா பார்க்கிறாள்."

எழுந்து போனேன். கேமராவைப் பிடித்துச் சுவர் பக்கம் திருப்பி வைத்தேன். போன் அடித்தது, ஹுவா. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. திரையில் அவர் பெயர் வந்ததில் மண்டபமும் மின்விசிறியும் மறைந்துபோயின.

5

கராஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஹுவா ஷூவோடு கார்ப்பெட்டில் நடந்து வந்தார். இந்த வீட்டில் பிளம்பர்கூட ஷூவுக்கு மேல் உறை மாட்டாமல் கால் வைக்க முடியாது. நேராக மியாவிடம் போய், அவளைத் தூக்கி, கையைப் பார்த்து, காலைப் பார்த்து, தலையைத் தடவிப் பார்த்தார்.

அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது.

"நான் அடிச்சிருப்பேன்னு தேடறீங்களா?" என்று கேட்டேன். ஆங்கிலத்தில்தான். அவ்வளவு தெளிவாக அதுவரை நான் ஆங்கிலம் பேசியதில்லை.

"படம் போய்விட்டது. சுவர் தெரிந்தது. போனை எடுக்கவில்லை. நான் என்ன நினைப்பது?"

"என் தங்கச்சி கல்யாணம் அங்க நடக்குது. நான் இங்க உக்காந்து அழறேன். அதுக்கும் உங்க அனுமதி வேணுமா?"

"நான் அழாதே என்று சொல்லவில்லை."

"மியா பாக்கறான்னு சொன்னீங்க."

ஹுவா மியாவை இறக்கிவிட்டார். "அந்தக் கேமராவில் நான் உன்னைப் பார்ப்பதில்லை அலசி" என்றார். "நீ எப்படி இருக்கிறாய் என்று எனக்கு முதல் மாதமே தெரிந்துவிட்டது. நான் மியாவைப் பார்க்கிறேன். அவள் முதலில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா?"

இருந்தது. சோபாவைப் பிடித்து நின்றவள், கையை விட்டுவிட்டு, ஆடி ஆடி என்னிடம் வந்து முழங்காலில் மோதினாள். அன்று கேமரா ஒன்றும் பேசவில்லை.

"நான் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். மேஜைக்கு அடியில் போனை வைத்துப் பார்த்தேன். அவள் உன்னிடம் நடந்து வந்தாள். எழுந்து வெளியே போகக்கூட முடியவில்லை, நான்தான் பேசிக்கொண்டிருந்தேன். கிளேர் நடந்ததும் நான் பார்க்கவில்லை. அப்போது கேமரா இல்லை."

அவர் அழவில்லை. நானும் அன்றைய அழுகையை முழுவதும் அழுது முடித்திருந்தேன்.

"பாருங்க" என்றேன். "பாக்கறதப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பேசாதீங்க. ஆள் இல்லாத இடத்துலேர்ந்து யாராவது என் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா எனக்குப் பைத்தியம் புடிக்குது. அதுவும் அது என் பேரே இல்ல."

அவர் யோசித்தார். "சரி, பேசவில்லை" என்றார். பிறகுதான் தன் காலைப் பார்த்தார். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். போகும் வழியில் திரும்பி, "வெந்நீர் குடி" என்றார்.

6

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கேமராவை நான் மறுபடி கூடத்தைப் பார்த்துத் திருப்பி வைத்தேன், அலமாரி ஊமையாகிவிட்டது. மூக்கைச் சொறிந்தேன், சத்தமாகப் பாடினேன், ஈரமுடியோடு கூடத்தில் நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை.

கூப்பிட்டது மியா. ஒரு நாள் அலமாரிக்குக் கீழே போய் நின்று, மேலே பார்த்து, "மாமா" என்றாள். பதில் இல்லை. கையிலிருந்த துணிமுயலைத் தூக்கிக் காட்டினாள். "மாமா, மாமா." காத்திருந்தாள். என்னிடம் திரும்பி, உள்ளங்கைகளை விரித்து, "இல்ல" என்றாள். தமிழில்.

அடுத்த நாளும் போய் நின்றாள். அதற்கடுத்த நாளும். எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. என் பக்கம் நியாயம் இருந்தது. கேட்டது கிடைத்தும்விட்டது. அதை அனுபவிக்கவிடாமல் ஒரு குழந்தை துணிமுயலைத் தூக்கிக்கொண்டு நின்றால் என்ன செய்வது? கேமராவின் அந்தப் பக்கம் ஹுவா அதைப் பார்த்துக்கொண்டு, எனக்குக் கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்டிருப்பார் என்று நினைத்தபோது எரிச்சல் இரண்டு மடங்கானது.

நானே போன் பண்ணினேன்.

"மியா கூப்பிடறா. பதில் சொல்லுங்க."

"நீதானே வேண்டாம் என்றாய்?"

"என்கிட்டதான் வேணாம்னேன். அவகிட்ட பேசுங்க."

கொஞ்ச நேரத்தில் அலமாரியிலிருந்து சீனம் வந்தது. ஹுவா அலுவலக மேனேஜர் குரலில் பேசவில்லை. முயலுக்குப் பசிக்கிறதா என்று கேட்டார் என்று நினைக்கிறேன். முயல், பசி, இந்த இரண்டு சொல்லும் அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தன. மியா சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். எந்த மொழி என்று எனக்கும் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது.

அதன்பிறகு அதுதான் வழக்கமானது. ஆனால் ஹுவா ஹுவாதானே. இரண்டாம் வாரமே மியாவிடம் பேசுவது போல என்னிடம் பேச ஆரம்பித்தார். "மியா, ஜன்னல் திறந்திருக்கிறதே, உனக்குக் குளிரவில்லையா?" என்று ஆங்கிலத்தில் வரும். மியாவிடம் அவர் ஆங்கிலம் பேசவே மாட்டார். நான் ஜன்னலைச் சாத்திவிட்டு, கேமராவைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். அந்தப் பக்கம் ஒரு சின்னச் செருமல் கேட்கும்.

7

போன மாதம் ஹுவா கேட்டார், இன்னும் ஒன்பது மாதம் நீட்டிக்க முடியுமா என்று. விதியில் அதற்கு இடம் உண்டு. முடியாது என்றேன். திருச்சியில் நான் வேலை பார்த்த நர்சரிப் பள்ளியில் ஜூனில் இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வகுப்பு நிறைய குழந்தைகள், கதவைச் சாத்தினால் நானும் அவர்களும் மட்டும். அது எனக்கு வேண்டும்.

ஹுவா கேரட் நறுக்கிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "ஒருவரை நம்ப எனக்கு ஒரு வருடம் ஆகிறது" என்றார். "நம்பியதும் கிளம்பிவிடுகிறார்கள். மறுபடி முதலிலிருந்து."

சமாதானமாக எதையாவது சொல்லியிருக்கலாம். வெங்காயத்தை எடுத்து உரித்துக் கொடுத்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அடுத்து வரப்போகும் பெண்ணோடு வீடியோ பேட்டி நடந்தது. பிரேசில்காரி, பெயர் கமிலா, இருபத்தோரு வயது. ஹுவா தன் கேள்விகளையெல்லாம் கேட்டு முடித்தார். கிளேர் வந்து "ஹாய்" சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். கடைசியில், இப்போது இருக்கும் பெண்ணோடு புதியவள் தனியாகப் பேச வேண்டும் என்பது ஏஜென்சி வழக்கம். ஹுவா எழுந்து வெளியே போய் அறைக்கதவைச் சாத்தினார்.

கமிலா திரைக்குக் கிட்டே வந்தாள். "உண்மையைச் சொல்லுங்கள். நல்ல வீடா?"

நல்ல வீடு என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். முதல் வாரம் எனக்கு யாராவது சொல்லியிருக்கலாமே என்று நான் ஏங்கிய எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். கேமரா இருக்கும், அது பேசும், உன்னிடம் பேச வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடு. அவர் கோபப்படுவார், யோசிப்பார், பிறகு கேட்பார். ஆனால் குழந்தையிடம் பேசுவதைத் தடுக்காதே. உன் பெயரை அவர் எப்படிச் சொன்னாலும் திருத்து, நான் சீக்கிரம் விட்டுவிட்டேன். உன் வீட்டில் கல்யாணம், சாவு எது வரும் என்று தெரிந்தாலும் முன்னாலேயே லீவைப் பேசிவை. மியா மூன்று மொழியில் வேண்டாம் என்பாள், மூன்றையும் நம்பாதே, தட்டை எடுக்காமல் அப்படியே வைத்துவிட்டுப் போனால் சாப்பிட்டுவிடுவாள். கிளேர் பேச மாட்டாள், ஆனால் காரில் பின்சீட்டில் இருக்கும்போது கேட்டால் சொல்லுவாள், கண்ணாடியில் அவளைப் பார்க்காமல் கேள்.

"நீங்கள் ஏன் போகிறீர்கள்?" என்றாள்.

"எனக்கு ஊர்ல வேலை இருக்கு. இந்த வீட்டால இல்ல." சொல்லும்போதே அது உண்மை என்று தோன்றியது.

கமிலா நன்றி சொல்லிவிட்டுத் துண்டித்தாள். நான் லேப்டாப்பை மூடுவதற்குள் கதவு திறந்தது. ஹுவா தட்டில் பேரிக்காய் நறுக்கிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"நான் நன்றாகச் சமைப்பேன் என்று நீ அவளிடம் சொல்லவே இல்லை" என்றார்.

"கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டீங்களா?"

"நான் எதற்குக் கேட்கிறேன்? சின்ன வீடு. தானாகக் காதில் விழுகிறது."

மாடியும் கீழுமாக இரண்டு கூடம், ஐந்து படுக்கையறை உள்ள வீடு அது.